நாற்பத்தொன்று: துரு இல்லை

பூவராகவன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை எட்டரை மணிக்கு, கண்காணிப்பாளர் வீரராகவன் கொடிக்கம்பத்தடியில் நின்று பேர் கூப்பிட்டார். மொத்தம் ஏழு பேர். ஆறு பேர் "ஆஜர் சார்" என்றார்கள். ஏழாவதாக "தாவீது" என்று கூப்பிட்டதும் யாரும் வாய் திறக்கவில்லை. வண்டிகள் வரிசையாக நின்ற பக்கத்தில், நாற்பத்தொன்றாம் வண்டியின் அடியிலிருந்து டொக், டொக், டொக் என்று மூன்று தட்டு கேட்டது. வீரராகவன் பேனாவைத் திறந்து "ஆஜர்" என்று எழுதிக்கொண்டார்.

யார் அது, காலையிலேயே வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு என்ன வேலை என்று பக்கத்தில் நின்ற டிரைவர் சசிகுமாரிடம் பூவராகவன் மெல்லக் கேட்டான்.

"அவுரு செத்து பதினாலு மாசம் ஆவுது," என்றார் சசிகுமார். "நீ அவுரு எடத்துக்குத்தான் வந்துகீற."

பூவராகவனுக்கு அப்போதே ஓடிவிடத் தோன்றியது. ஆனால் அவன் யோசித்தான். சும்மா திரிகிற பேய் என்றால் ஓடலாம். இது ஆஜர் போடப்பட்ட பேய். அரசாங்கத்துக்குத் தெரிந்த பேய். மேலும், பழவேற்காடு ஏரியோரத்துக் குப்பத்தில் அவனுக்கு மனைவி ரோஜாவும் ஏழு வயது மகள் அஸ்வினியும் இருந்தார்கள். ஏரியில் வலைக்கு வர மீன்கள் யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. அவன் வேலையில் இருந்துவிட்டான்.

அந்த இடத்துக்குச் 'சேம வண்டிக் கிடங்கு' என்று பெயர். ஊரார் பட்டாளத்து யார்டு என்பார்கள். போர் வந்தால் புறப்படுவதற்காக அறுபத்திரண்டு ராணுவ லாரிகள் அங்கே காத்திருந்தன. ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் இரும்பாலைப் புகை. இன்னொரு பக்கம் ஏரியிலிருந்து வீசும் உப்புக் காற்று. இரண்டும் இரும்பைத் தின்பவை. இரண்டுக்கும் நடுவில் பார்த்துப் பார்த்து இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த குழுவின் புகைப்படம் ஆபீசில் மாட்டியிருந்தது. அதை மாட்டியிருந்த ஆணி துருப்பிடித்து முறிந்துவிட்டதால் இப்போது நைலான் கயிற்றில் தொங்குகிறது.

வண்டிகளைத் துரு அண்டாமல் காப்பது ஒன்றுதான் கிடங்கின் வேலை. அதற்கு வழி, கழுவுதல். வெள்ளிக்கிழமைதோறும் அறுபத்திரண்டு வண்டிகளையும் கழுவ வேண்டும். கழுவியதும் வீரராகவன் குடையோடு வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பார். ஒவ்வொரு வண்டியின் முன்னும் நின்று "துரு?" என்று கேட்பார். கழுவியவன் விறைப்பாக நின்று "இல்லை" என்று சொல்ல வேண்டும். அறுபத்திரண்டு முறை கேள்வி, அறுபத்திரண்டு முறை பதில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பச்சைப் பெயிண்ட் ஒரு கை. பழைய பெயிண்டைச் சுரண்டும் வழக்கம் கிடையாது, ஏனென்றால் சுரண்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இதில் இன்னொரு வசதியும் இருந்தது. வெள்ளிக்கிழமைக் கழுவலை வீரராகவன் திங்கட்கிழமையே பதிவேட்டில் எழுதி முடித்துவிடுவார். வேலை நடந்தபின் எழுதினால் எழுத்தில் பதற்றம் வரும், முன்கூட்டியே எழுதினால் கையெழுத்து அழகாக விழும் என்பது அவர் அனுபவம். இருபத்தாறு வருட சர்வீசில் அவர் எழுதியது எதுவும் நடக்காமல் போனதில்லை என்று பெருமையாகச் சொல்வார். நடக்காததை அவர் அப்புறம் போய்ப் பார்த்ததில்லை என்பதுதான் விஷயம்.

முதல் வெள்ளிக்கிழமை ஓஸ் பைப்பைத் திறந்தபோது ஒரு திவலை பூவராகவனின் உதட்டில் தெறித்தது. நக்கிப் பார்த்தான். உப்பு. உள்ளங்கையில் பிடித்து இன்னொரு வாய் குடித்தான். சந்தேகமே இல்லை, பிறந்ததிலிருந்து வாயில் போய்வந்த தண்ணீர். ஏரியிலிருந்து கல்லெறியும் தூரத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டால் வேறென்ன வரும்? துரு பிடிக்காமலிருக்க வாரந்தோறும் அறுபத்திரண்டு வண்டிகளையும் இவர்கள் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவன் நேரே ஆபீசுக்குப் போய்ச் சொன்னான். வீரராகவன் கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற ஆளே இல்லை. கேன் தண்ணீரில் போட்ட டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுப் பொறுமையாக விளக்கினார்.

"விதியில் என்ன இருக்கிறது? 'வண்டிகளை நன்னீரால் கழுவுக.' நாம் எதால் கழுவுகிறோம்? இந்தக் குழாய்த் தண்ணீரால். விதியை மீறி நாம் எதையும் செய்வதில்லை. ஆகவே இந்தக் குழாயில் வருவது நன்னீர். நாக்கை நம்பாதே தம்பி. நாக்குக்கு விதி தெரியாது."

அவருடைய சொந்தக் கார் வெள்ளை நிறம். அதை மட்டும் யாரும் இங்கே கழுவக் கூடாது. மணவாள நகர் வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கே வரும் தண்ணீரில் கழுவிக்கொள்வார். ஏன் சார் என்று பூவராகவன் ஒருநாள் கேட்டபோது, இந்த ஊர்த் தண்ணீர் வண்டிக்கு ஆகாது என்று சாதாரணமாகச் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு விநாடி யோசித்தார். பிறகு, தான் சொன்னது தனியார் வண்டிக்கு என்று திருத்திக்கொண்டார்.

தாவீதின் கதையை சசிகுமார் துண்டுதுண்டாகச் சொன்னார். தாவீதுக்கும் நாக்கு இருந்திருக்கிறது. காதும் இருந்திருக்கிறது. கழுவிய பின் வண்டிக்கடியில் படுத்து, மரச் சுத்தியால் ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்ப்பாராம். நல்ல இரும்பு கணீரென்று பேசும், துரு தின்ற இரும்பு பேசாது என்பாராம். பூவராகவனுக்கு அது புதிதல்ல. படகை வாங்குமுன் அவர்கள் குப்பத்திலும் பலகையைத் தட்டித்தான் பார்ப்பார்கள். உளுத்த பலகை எத்தனை பெயிண்ட் அடித்தாலும் சத்தத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

தாவீது தட்டிய இடங்களில் ஓட்டை விழுந்தது. துறை இதைக் கவனமாக ஆராய்ந்தது. தட்டாத வண்டிகளில் ஓட்டை இல்லை, தட்டிய வண்டிகளில்தான் ஓட்டை. ஆகவே துருவுக்குக் காரணம் தட்டுதல் என்று கண்டுபிடித்து, இனி எவரும் எந்த வண்டியையும் தட்டக் கூடாது என்று சுற்றறிக்கை போட்டார்கள். தாவீது அதற்குப் பிறகும் தட்டினார். ஒருநாள் மத்தியானம் நாற்பத்தொன்றின் அடியில் படுத்துத் தட்டிக்கொண்டிருந்தபோது, ஸ்டெப்னியைத் தாங்கும் சட்டம் முறிந்து டயரோடு அவர் நெஞ்சில் இறங்கியது. சசிகுமார்தான் ஓடிப்போய் இழுத்தார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

முடியவில்லை என்றது துறை. நாற்பத்தொன்றில் துரு இல்லை என்று பதிவேட்டில் இருக்கிறது. துரு இல்லாத சட்டம் முறியாது. முறியாத சட்டம் விழாது. விழாத சட்டத்தால் ஒருவர் சாக முடியாது. தவிர, தாவீதின் பெயரில் வழங்கிய மரச் சுத்தி ஒன்று திரும்பி வரவில்லை. பொருளை ஒப்படைக்காத பணியாளரைப் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது என்று விதி. எனவே தினமும் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்றாம் நாள் காலையிலிருந்து தட்டல் கேட்க ஆரம்பித்தது. தாவீதின் மனைவி ஆரோக்கியமேரி இறப்புச் சான்றிதழோடு வந்து நின்றபோது, தினமும் தவறாமல் ஆஜராகிறவரை எப்படிம்மா இறந்தவராகக் கொள்வது என்று வீரராகவன் வருத்தத்தோடு பதிவேட்டைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். அந்த அம்மா அதற்கப்புறம் வரவில்லை. சுற்றறிக்கையை மீறித் தட்டுவதற்கும், வாயால் பதில் சொல்லாததற்கும் விளக்கம் கேட்டுத் தாவீதுக்கு அனுப்பிய மெமோ நாற்பத்தொன்றின் கதவில் இன்னும் ஒட்டியிருந்தது.

பூவராகவனுக்குப் பயம் பழகவில்லை. ஆனால் பயத்தைவிட வேறொன்று அவனை அரித்தது. அந்தத் தட்டலை உன்னிப்பாகக் கேட்டால் மூன்றும் மூன்று இடத்திலிருந்து வந்தன. முதல் தட்டு முன்பக்கம், இரண்டாவது நடுவில், மூன்றாவது பின்னால். மூன்றிலும் உயிர் இல்லை. செத்த பிறகும் அந்த மனிதர் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டிருந்தார். அதைத்தான் இவர்கள் ஆஜர் என்று எழுதினார்கள்.

ஐப்பசி பிறந்ததும் ஒருநாள் லீவு போட்டு, ஒரு பாட்டிலில் கிடங்குக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பூவராகவன் திருவள்ளூர் போனான். கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜ் வரை போய் இறங்கி, அங்கே வேறு ரயில் மாறித் திருவள்ளூர். ஒரே மாவட்டத்துக்குள் போய்வர மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டியிருந்தது. துணை இயக்குநர் குணாளன் அவனை உட்காரச் சொன்னார். அதுவே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

பாட்டிலைப் பார்த்ததும் குணாளன் எழுந்து பீரோவைத் திறந்தார். மேல்தட்டில் பதினோரு கண்ணாடிப் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் 'தாவீது' என்று எழுதிய சீட்டு. தகர மூடிகள் துருப்பிடித்துப் பொத்தலாகியிருந்தன. தண்ணீர் ஆவியாகிப் போய், ஒவ்வொரு பாட்டிலின் அடியிலும் வெள்ளையாக உப்பு உறைந்து கிடந்தது.

பரிசோதனைக்கு அனுப்பவில்லையா சார் என்று கேட்டான் பூவராகவன். அனுப்ப முடியாது என்றார் அவர். துறை முத்திரையிட்ட பாட்டிலில் இருந்தால்தான் ஆய்வகம் வாங்கும். முத்திரையிட்ட பாட்டிலைத் துறை காலியாகத் தராது, வழியில் தூசி விழுந்துவிடும் என்று சுத்தமான தண்ணீர் நிரப்பித்தான் தரும். முத்திரையை உடைத்தால் செல்லாது. ஆகவே அந்தத் தண்ணீரைத்தான் அனுப்புகிறோம், வருடா வருடம் நன்னீர் என்று முடிவு வருகிறது என்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார். இப்போது அவர் பேச்சில் ஆபீஸ் இல்லை.

"இன்னா பண்ணச் சொல்ற நைனா? துரு கீதுன்னு எழுதினா, இத்தினி வருசமா இன்னா பண்ணீங்கன்னு கேப்பாங்க. கழுவினோம்னா, கழுவியும் ஏன் துரு வந்துதுன்னு கேப்பாங்க. கழுவலைன்னா, பதிவேட்ல கழுவினதா கீதேம்பாங்க. எந்தப் பக்கம் போனாலும் பேஜாரு. துரு இல்லைன்னு எழுதிட்டா ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான். போர் வந்தாத்தான வண்டி நகரணும்? போரு வராது."

பூவராகவன் கொண்டுவந்த பாட்டிலை வாங்கி, அவன் பெயரை ஒரு சீட்டில் எழுதி ஒட்டி, பன்னிரண்டாவதாகப் பீரோவில் வைத்துப் பூட்டினார். தன் பெயர் தாவீதின் பெயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததைப் பூவராகவன் பார்த்தான்.

போர் வரவில்லை. கார்த்திகையில் புயல் வந்தது.

அன்று காலை ஏழு மணிக்கே கிடங்கில் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஏரியோரத்துக் குப்பங்களிலிருந்து மக்களைப் பொன்னேரிப் பள்ளிக்கூட முகாமுக்கு ஏற்றிவர ஒரு ராணுவ வண்டி கேட்டு மாவட்டத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. ஒன்று போதுமா என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை, அந்த ஒன்றுக்கே மொத்தக் கிடங்கும் திகைத்து நின்றது. எதை அனுப்புவது? வீரராகவன் பதிவேட்டைப் புரட்டினார். அதிக முறை கழுவப்பட்ட வண்டிதான் துருவே இல்லாத வண்டி. தட்டல் கேட்கிறதே என்று நாற்பத்தொன்றுக்கு மட்டும் சிறப்புக் கழுவலாகப் புதன்கிழமையும் ஒரு கை கூடுதலாக நடந்துவந்தது. எனவே நாற்பத்தொன்று. சசிகுமார் புது பாட்டரி மாட்டி, அரை மணி நேரம் கெஞ்சி, இன்ஜினை உறும வைத்தார்.

எந்தக் குப்பம் என்று பூவராகவன் உத்தரவை வாங்கிப் பார்த்தான். அவனுடைய குப்பம். முப்பத்தாறு பேர் பட்டியல். இருபதாவது பெயர் ரோஜா, இருபத்தொன்றாவது அஸ்வினி.

வீரராகவன் மீட்புப் பதிவேட்டை ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்றாம் வண்டி காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டது. பத்தேகாலுக்கு முப்பத்தாறு பேரும் ஏற்றப்பட்டனர். உயிர்ச்சேதம் இல்லை. அப்போது மணி எட்டு.

பூவராகவன் ரோஜாவுக்குப் போன் போட்டான். காற்றின் இரைச்சலில் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. ஏலக்கடை அன்புராஜின் இரண்டு மீன் வண்டிகள் ஊர் முனையில் நிற்பதாகவும், ஏறிக்கொள்ளச் சொல்லி அவர் கூப்பிடுவதாகவும், ஆனால் பட்டாளத்து வண்டி வருகிறது, யாரும் நகரக் கூடாது என்று மைக்கில் சொல்லிவிட்டதால் ஊரே காத்திருப்பதாகவும் அவள் சொன்னாள். நீயாவது பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மீன் வண்டியில் ஏறு என்று கத்தினான்.

"ஊரே குந்திக்கினு கீது, நான் மட்டும் எப்டி ஏறுவேன்?" என்றாள் ரோஜா. "உங்க வண்டிதான வருது. நீதான கழுவற. அப்புறம் இன்னா பயம்?"

வாரம் தவறாமல் "இல்லை" என்று விறைப்பாக நின்று சொன்னவன் அவன்தான்.

அவன் வீரராகவனின் மேசைக்குப் போனான். வண்டி போகக் கூடாது சார், தளம் தாங்காது, முப்பத்தாறு பேர் ஏறினால் ஏரிப் பாலத்து மேலேயே விழுந்துவிடும் என்றான். வீரராகவன் அவனைப் பரிவோடு பார்த்தார். போன வெள்ளிக்கிழமை துரு இல்லை என்று நீதானே சொன்னாய் என்று கேட்டார். பொய் சொன்னேன் சார் என்றான். பொய் சொன்னதற்கு வேறு படிவம் இருக்கிறது, புயல் முடிந்ததும் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டு, "இப்போது புறப்பாட்டுக் கழுவலை ஆரம்பி. கழுவாத வண்டி வாசலைத் தாண்டக் கூடாது" என்றார்.

அந்த ஒரு விதிதான் பூவராகவனுக்கு மிச்சமிருந்தது.

கொட்டுகிற மழையில் அவன் வண்டியைக் கழுவப் போனான். வீரராகவன் குடையோடு வந்து நின்றார். ஓஸ் பைப்பைத் திறப்பதற்குப் பதில் பூவராகவன் குனிந்து, யாரும் பதினாறு மாதமாகப் போகாத இடத்துக்கு, நாற்பத்தொன்றின் அடிக்கு ஊர்ந்து போனான். டீசல் வாசமும் ஈர இரும்பின் வாசமும் மூக்கை அடைத்தன. இருட்டில் கையை நீட்டித் தடவினான். சேஸிஸ் சட்டத்தின் இடுக்கில், செருகி வைத்தாற்போல் மரச் சுத்தி இருந்தது. நன்றாகச் சிக்கியிருந்தது, தானாக ஆட வழியில்லை. ஆனால் அதன் கைப்பிடி வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ பிடித்துவிட்டுக் கொடுத்த மாதிரி.

"அண்ணே," என்றான் பூவராகவன் இருட்டைப் பார்த்து. "எம் பொண்ணு இதுல ஏறப் போவுது. கொஞ்சம் தள்ளிக்கோ."

சுத்தியை உருவி எடுத்து, முன்னால் ஒரு தட்டு, நடுவில் ஒரு தட்டு தட்டினான். மூன்றாவது தட்டை அவன் வெளியே ஊர்ந்து வந்து, பின்பக்கம் நின்று, பலம்கொண்ட மட்டும் போட்டான்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வண்டி பெருமூச்சு விட்டது. லாரியின் தளம் மொத்தமாக, ஒரே தகடாக, தரையில் உட்கார்ந்தது. பக்கப் பலகைகள் வெளிப்பக்கமாகச் சாய்ந்தன. கேபின் முன்னால் குனிந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த சசிகுமார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தரைக்கு வந்து, எழுந்து நின்று, தன் கைகால்களை எண்ணிப் பார்த்துக்கொண்டார். இருபத்தெட்டுக் கை பச்சைப் பெயிண்ட் பழைய தோல் மாதிரி சுருண்டு மழையில் கிடந்தது. அதற்குள் இரும்பு என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. செம்மண் மாதிரி ஏதோ கரைந்து ஓடியது.

வீரராகவன் குடையைச் சாய்த்து அதைப் பார்த்தார். பிறகு, தட்டக் கூடாது என்று சுற்றறிக்கை இருக்கிறது என்றார்.

சசிகுமார்தான் போன் போட்டு, பட்டாளத்து வண்டி வராது, யாருக்காகவும் நிற்காதீர்கள் என்று குப்பத்துக்குச் சொன்னார். முப்பத்தாறு பேரும் அன்புராஜின் மீன் வண்டிகளில், ஐஸ் பெட்டிகளைக் கீழே தள்ளிவிட்டு ஏறிக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் பொன்னேரிக்கு வந்து சேர்ந்தார்கள். அன்று சாயங்காலம் குப்பத்தில் பாதி வீடுகள் தண்ணீரில் இருந்தன. ஒரு உயிர் போகவில்லை.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஒரு துறை சம்பந்தப்பட்ட கதை அப்படியெல்லாம் முடியாது.

பூவராகவன் முகாமுக்கு ஓடிப்போனபோது, ரோஜாவும் அஸ்வினியும் மற்றவர்களும் பள்ளிக்கூட வராந்தாவில் நனைந்தபடி நின்றார்கள். உள்ளே விடவில்லை. பட்டியலை வைத்துக்கொண்டிருந்த எழுத்தர் நல்ல மனிதர்தான், கண்ணில் தண்ணீரோடு சொன்னார். நீங்கள் முப்பத்தாறு பேரும் பத்தேகாலுக்கு நாற்பத்தொன்றாம் வண்டியில் ஏறிவிட்டீர்கள், பதிவு வந்துவிட்டது. அந்த வண்டி வந்து உங்களை இறக்கிவிட்டதாகப் பதிவு வந்தால்தான் உள்ளே எடுக்க முடியும். அதுவரை நீங்கள் வண்டியில்தான் இருக்கிறீர்கள். அன்புராஜும் முகாமின் சமையல்காரப் பெண்களும் வராந்தாவிலேயே அவர்களுக்குச் சோறு போட்டார்கள்.

அஸ்வினி சாப்பிடாமல் அப்பனையே பார்த்தாள். "நாங்க எப்பப்பா அந்த வண்டியிலேர்ந்து எறங்குவோம்?" என்று கேட்டாள். குழந்தை விளையாட்டுக்குக் கேட்கிறது என்று எல்லோரும் சிரித்தார்கள். பூவராகவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

தை மாதம் கிடங்குக்கு விருது வந்தது. குணாளன் திருவள்ளூரிலிருந்து வந்து மாலை வாங்கிக்கொண்டார். வீரராகவன் மைக்கைப் பிடித்துப் பேசினார்.

"நாற்பத்தொன்றாம் வண்டி முப்பத்தாறு உயிர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. இன்றுவரை திரும்பவில்லை. சொன்ன வேலையை முடிக்காமல் திரும்பக் கூடாது என்கிற கடமையுணர்ச்சி அதற்கு இருக்கிறது. முறையாகக் கழுவியதன் பலன் அது. வண்டி சிதைந்துவிட்டதாகச் சிலர் பேசுகிறார்கள். புறப்பட்டுப் போன வண்டி இங்கே எப்படிச் சிதைய முடியும்?"

எல்லோரும் கைதட்டினார்கள். பூவராகவனுக்குத் தண்டனை எதுவும் இல்லை. இல்லாத சேதத்துக்கு யாரைத் தண்டிப்பது? மரச் சுத்தியை அவன் ஒப்படைக்கப் போனபோது, வாங்கிய ஆள் தாவீது, அவர்தான் வந்து கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் புயலுக்கு மறுநாளிலிருந்து தாவீது பெயருக்குத் தட்டல் வரவில்லை. விட்டால் போதும் என்று அவர் போய்விட்டார். பதிவேட்டில் 'அனுமதியின்றி விடுப்பு' என்று எழுதினார்கள். ஓர் இரவுக்குள் அந்த உதிரி இரும்பையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய்விட்டார்கள். நாற்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில் வெறும் சிமென்ட் தரை. அதையும் வெள்ளிக்கிழமைதோறும் பூவராகவன் கழுவினான். வீரராகவன் அந்த வெறுமையின் முன் நின்று "துரு?" என்பார். அவன் "இல்லை" என்பான். இப்போது அது உண்மை.

மாசி மாதம் புதுச் சுற்றறிக்கை வந்தது. பணியிலிருந்து திரும்பாத வண்டியில் இருப்பவர்கள் கிடங்கின் பொறுப்பு. ஆகவே அவர்கள் பெயரையும் தினமும் கூப்பிட வேண்டும்.

திங்கட்கிழமை காலை எட்டரை மணி. வீரராகவன் ஏழு பேரைக் கூப்பிட்ட பிறகு புதுத் தாளை எடுத்தார். முதல் பெயரிலிருந்து இறங்கி வந்தார். ஒவ்வொரு பெயருக்கும் சிறிது நேரம் காத்திருந்து, பதில் வராததால் கோடு இழுத்தார். ரோஜா என்றார். பதில் இல்லை. பூவராகவன் மூச்சை விட்டான்.

"அஸ்வினி."

நாற்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவிலிருந்து டொக், டொக், டொக் என்று கேட்டது. சுத்திச் சத்தமில்லை. விரல் முட்டியால், அதுவும் சின்ன விரல் முட்டியால், இரும்பில் தட்டுகிற சத்தம். அங்கே இரும்பே இல்லை. வீரராகவன் "ஆஜர்" என்று எழுதிக்கொண்டார்.

பூவராகவன் வரிசையை விட்டு ஓடி ரோஜாவுக்குப் போன் போட்டான். பாப்பா எங்கே என்று கேட்டான்.

"இங்கதான் கீறா. இஸ்கூலுக்குக் கெளம்பிக்கினு, நாஷ்டா துன்னுக்கினு கீறா. ஏன், இன்னா ஆச்சு?"

ரோஜாவின் குரலுக்குப் பின்னால் டொக், டொக், டொக் என்று கேட்டது. அது என்ன சத்தம் என்று கேட்டான்.

"தட்டுல தட்டறா. யாரோ கூப்ட்டாங்களாம். எத்தினி வாட்டி சொன்னாலும் கேக்க மாட்டேன்றா."

அவன் போனை வைத்தான். வெள்ளிக்கிழமை வர இன்னும் நான்கு நாள் இருந்தது. அவன் காத்திருக்கவில்லை. ஆபீசுக்குப் போய், வீரராகவனின் டீத் தண்ணீர்க் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். யாரும் தடுக்கவில்லை. வெறும் சிமென்ட் தரையில், வண்டி நின்றிருந்தால் ஏழு வயதுப் பெண் எங்கே உட்கார்ந்திருப்பாளோ அந்த இடத்தில் மண்டியிட்டான். கேனைச் சாய்த்து, உள்ளங்கையில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கழுவினான். ஒரு சொட்டு உப்பு அவள்மேல் இருக்கக் கூடாது. கேன் தீர்ந்ததும் இன்னொன்று எடுத்துவரப் போனான்.

ஆபீசில் வீரராகவன் அந்த வாரத்து வெள்ளிக்கிழமையை எழுதிக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்று: கழுவியாயிற்று. துரு: இல்லை. வண்டியில் இருப்போர்: ஒருவர்.